ஓசிக் கையெழுத்து

டாக்டர் அறை வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. ‘நோய் தொடர்பில்லாத படிவங்கள், சான்றுகள், சிபாரிசுகள் ஆகியவற்றில் கையொப்பமிடத் தனிக் கட்டணம் வசூலிக்கப்படும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், ‘தங்கள் புரிதலுக்கு நன்றி.’ யாருக்கும் புரியவும் இல்லை, புரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. நன்றியை மட்டும் முன்பணமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் நின்றுபோனால் ஜனங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். பஸ் வராவிட்டால் நடப்பார்கள். கோபப்பட மாட்டார்கள். ஆனால் இதுவரை ஓசியில் கிடைத்த ஒன்றுக்குக் காசு என்றதும் நியாயம், தர்மம், மனிதாபிமானம் எல்லாம் ஒரே சமயத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டன. சோபாக்காரருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தன.

சோபாக்காரர் என்றால் சோபா விற்கிறவர் இல்லை. குழி விழுந்த சோபா, குடல் சரிந்த மெத்தை, உட்கார்ந்தவரைச் சுருள்கம்பி குத்துகிற நாற்காலி, இவற்றையெல்லாம் பிரித்துப் போட்டு மறுபடி ஆளாக்கி அனுப்புகிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னால் இரண்டு சின்ன அறை, ஒரு சமையல் மூலை. எந்த நேரமும் பசை வாடை. தட்டில் ஒரு பஞ்சு இழையாவது கிடக்காவிட்டால் இது யார் வீட்டுச் சோறு என்று அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

பெரிய வேலைக்கு ஸ்டேப்ளர் இருந்தது. ஓரம் கட்டும்போது மட்டும் ஆணிதான். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையில் சுத்தியல். ஆகவே குட்டி ஆணிகள் வாயில் இருக்கும். நாக்காலேயே ஒன்றொன்றாகப் புரட்டி உதட்டுக்குக் கொண்டுவருவார். காந்தம் வைத்த சுத்தியல் அதை முத்தம் கொடுத்து வாங்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் அவர் பேசக்கூடியது ‘ம்’, ‘ம்ம்’, ‘ம்ஹூம்’ என்ற மூன்றே வார்த்தைகள். கல்யாணமான புதிதில் அவர் மனைவி இதற்காக அழுதாள். பிறகு இதிலுள்ள வசதியைக் கண்டுகொண்டாள். அந்த வீட்டின் பெரிய முடிவுகள் எல்லாம் அவர் வாயில் ஆணி இருக்கும்போது எடுக்கப்பட்டவையே.

அன்றும் அப்படித்தான். வெளியே மழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்தது. அவர் கைவைத்த நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் முட்டியை ஊன்றித் துணியை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்பாஞ்சை அளவுக்கு வெட்டியபடியே தொடங்கினாள்.

“ஏங்க, இல்லத்திலருந்து போன் வந்துச்சு.”

“ம்.”

“மாசக் கடைசில இடத்தைக் காலி பண்றாங்களாம். எல்லாரையும் ரயிலேத்தி வேற ஊருக்குக் கொண்டு போறாங்களாம். ஒரு பகல் ஒரு ராத்திரி போகணுமாம். அப்புறம் நாம எங்க போய்ப் பாக்குறது?”

“ம்.”

“சொந்தக்காரங்க வீட்டுல வெச்சுக்கிறதா இருந்தா அனுப்புவாங்களாம். தம்பியை நம்ம கூடவே கூட்டிட்டு வந்துரலாம்னு இருக்கேன்.”

சுத்தியல் ஒரு விநாடி நின்றது.

“ம்ம்” என்றார்.

அவள் தம்பிக்குத் தெருவில் ரேடியோ என்று பேர். சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை பார்த்தவன். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. ஒரு கால் இழுத்துக்கொண்டது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் மறந்துபோகும். வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. தூங்கும்போதுதான் நிற்கும், அதுவும் சில நாள். அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தான். அம்மா போன பிறகு இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் சோபாக்காரர், “பட்டறை வெச்ச வீடு. கத்தி, பிளேடு, பசை... வேற வினையே வேணாம்” என்பார். அவளும் அத்தோடு விட்டுவிடுவாள்.

“தபால்ல ஒரு தாளும் அனுப்பியிருக்காங்க. நம்ம குடும்பத்தை நல்லாத் தெரிஞ்ச படிச்சவங்க யாராவது எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். சொந்தக்காரங்களா இருக்கக்கூடாது. வாத்தியார், வக்கீல், டாக்டர், இப்படி.”

“ம்.”

“வாத்தியார் நமக்கு யாரும் இல்ல. வக்கீலை நமக்குத் தெரியும், அவருக்கு நம்மளைத் தெரியாது. டாக்டர்தான். அவரும் இப்ப கையெழுத்துக்குக் காசுன்னு போர்டு போட்டுட்டாராம்.”

சோபாக்காரர் வாயிலிருந்த ஆணி அத்தனையையும் உள்ளங்கையில் துப்பினார்.

“என்னது? கையெழுத்துக்குக் காசா?”

மச்சான் காலமெல்லாம் வீட்டில் வந்து இருக்கப் போகிறான் என்றபோது வெளியே வராத ஆணி, இதற்கு வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

“ஊசிக்குக் காசு, சரி. மாத்திரைக்குக் காசு, சரி. பேருக்கு நேரா ஒரு கோழி கிண்டுறதுக்குக் காசா? இங்க் என்ன விலை விக்குது? அவர் என்ன பெரிய சினிமா நடிகரா?”

“நீங்க வீட்டுக்கு வீடு போய் நாற்காலியைப் பாத்து அளவெடுக்குறதுக்குக் காசு வாங்கலையா?”

“அது தொழில். டேப்பு புடிக்கணும், குனியணும்.”

“அவரும் பேனா புடிக்கணும், குனியணும்.”

“நாற்காலிக்கு நான் பொறுப்பு. தாளுக்கு அவரா பொறுப்பு? சும்மா இரு, உனக்கு நியாயம் தெரியாது.” அவர் எழுந்து சட்டையை உதறினார். “காசில்லாம வாங்கிட்டு வர்றேன் பாரு.”

டாக்டரிடம் வந்தவர்கள் உட்காரும் கூடம் நிரம்பியிருந்தது. நனைந்த குடைகள் ஒரு மூலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. மேசைக்குப் பின்னால் சீட்டக்கா. வருகிறவர்களுக்கு வரிசைச் சீட்டுக் கொடுக்கிறவள் என்பதால் அந்தப் பேர். டாக்டரையும் அவள்தான் நடத்திவந்தாள் என்பது டாக்டரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பலகையும் அவள் யோசனைதான்.

சோபாக்காரர் பலகை முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அதை ஒருமுறை வாசித்தார்.

“படிக்கத் தெரியும்னு தெரிஞ்சு போச்சு, உக்காருங்கண்ணே” என்றாள் சீட்டக்கா.

“ஏன்மா, இது தர்மமா?”

“தர்மத்தை நீங்களே சொல்லுங்க. நேத்துக் காய்ச்சல்ல ஒரு குழந்தை இதே பெஞ்சில துவண்டு கெடக்குது. உள்ள ஒருத்தர், வாடகை வீட்டுல நாய் வளக்குறதுக்கு டாக்டர்கிட்ட சான்று எழுதி வாங்கிட்டிருக்கார். நாய் இல்லாட்டி மனசு தாங்காதாம். அவருக்கு முன்னாடி ஒருத்தி, புருஷன் ஒழுக்கமானவன்னு எழுதிக் கேக்குறா. அவ புருஷனுக்கு டாக்டர் பாத்தது காது.”

பெஞ்சில் வீங்கின காலை நீட்டி உட்கார்ந்திருந்த மீன்காரம்மா உடனே பேச்சுக்குள் நுழைந்தாள். “அது சரிம்மா. ஆனா காசு குடுக்க முடியாதவ என்ன பண்ணுவா? வீட்டு வாடகைச் சீட்டுலருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் பெரியவங்க கையெழுத்து வேணுங்குறான். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பெரியவரு இவருதான். இவரும் விலை போட்டா, நாங்க மீனுகிட்டயா கையெழுத்து வாங்குறது?”

“கேக்குறது அந்த ஆபீசுக்காரன். அவன்கிட்டப் போய்க் கேளுங்க, ஏன்டா டாக்டரைப் போட்டுப் படுத்துறேன்னு.”

“அவன்கிட்டக் கேக்குறதுக்கும் ஒரு கையெழுத்துக் கேப்பானே!”

கூடம் சிரித்தது. சோபாக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தர்மயுத்தத்துக்கு வந்த மனிதர் அவர். தமாஷுக்கு வந்தவரா? முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். முதல் வாக்கியம் ‘ஏழை எளியவர்கள்’ என்று ஆரம்பிக்கும்.

டாக்டர் அதற்கு வழி வைக்கவில்லை. தலைமுடியெல்லாம் நரைத்து, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, அதைத் தேடுவதற்கு நெற்றியில் இன்னொரு கண்ணாடி என்று இருந்த மனிதர்.

“வாப்பா. முட்டி எப்படி இருக்கு?”

“முட்டி கிடக்கட்டும் டாக்டர். ஒரு தாள்... கையெழுத்து... வெளிய என்னமோ போர்டு...”

“ஐயய்யோ, உனக்குப் போய்க் காசா? உன்னை எத்தனை வருஷமாப் பாக்குறேன். குடு குடு.” குரலைத் தாழ்த்தினார். “அவகிட்டச் சொல்லாத.”

முட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே தாளை வாங்கினார், பேசிக்கொண்டே எழுதினார், பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். “குந்தி உக்காந்து வேலை செய்யாதேன்னு சொன்னேனா? மாத்திரையை விடாம சாப்பிடு. அடுத்தவங்களை வரச் சொல்லு.”

தயாராக இருந்த நாலு வாக்கியமும் வாய்க்குள்ளேயே கிடக்க, சோபாக்காரர் வெளியே வந்தார். ஆனாலும் வெற்றி வெற்றிதான். தாளை எல்லோருக்கும் தெரியும்படி மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவாக, தேவையில்லாமல் ஒரு சுற்று சுற்றி வாசலுக்குப் போனார். வீட்டுக்கு வந்து, “நியாயத்தை எடுத்துச் சொன்னேன். மனுஷன் தலை குனிஞ்சுட்டார்” என்றார்.

மறுநாள் அவள் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி இல்லத்துக்குப் போனாள். மாலையில் திரும்பி வந்தபோது முழுக்க நனைந்திருந்தாள். குடை கையிலேயே இருந்தது, விரிக்கவில்லை.

சோபாக்காரர் அவளுக்காக முட்டை பொரித்து, ரொட்டி சுட்டு வைத்திருந்தார். பெருமிதத்தில் இருக்கும் நாட்களில் அவர் சமைப்பார். “என்ன, எப்ப கூட்டிட்டு வரலாமாம்?”

அவள் தாளை எடுத்தாள். ஓரம் ஈரமாகியிருந்தது. நின்றபடியே வாசித்தாள்.

“‘இக்குடும்பத்தினரைத் தாங்கள் எவ்வாறு அறிவீர்கள்?’ இது கேள்வி. டாக்டர் எழுதியிருக்கார்: ‘இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம்.’”

சோபாக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“‘வீட்டின் சூழல் குறித்துத் தங்கள் கருத்து?’ ‘ரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளது.’” அவள் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். “‘வருபவரை வீட்டிலுள்ள அனைவரும் மனமுவந்து ஏற்கிறார்களா?’ ‘உணவுக்குப் பின், இரண்டு வேளை.’”

வேறு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

“அந்தப் பொறுப்பாளரம்மா நல்லவங்க. சிரிக்கல. ‘நான் கேட்டது உங்க வீட்டுக்காரரோட முட்டியை இல்லம்மா’ன்னாங்க. வேற தாள் குடுத்தாங்க. நாளான்னிக்குள்ள வரலேன்னா பேரை ரயிலுக்கு எழுதிருவாங்களாம்.”

“அவன்...”

“பையைக் கட்டி மடில வெச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தான். நான் வர்றதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் போயிட்டு வர்றேன்னு சொல்லி முடிச்சுட்டானாம். சமையக்காரம்மாகிட்ட ரெண்டு தடவை. பையைத் திரும்பப் பிரிக்கச் சொன்னாங்க.” ரொட்டித் தட்டைப் பார்த்தாள். “பிரிக்குறப்ப ஒரு வார்த்தை பேசலங்க அவன்.”

இதற்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது என்ன செய்வாரோ அதைச் செய்தார். சத்தம் போட்டார். “அந்த டாக்டரை நாளைக்கு நாலு வார்த்தை நறுக்குன்னு...”

“ஓசில வாங்குனா ஓசில எழுதுனது மாதிரிதான் இருக்கும்” என்றாள் அவள். கத்தவில்லை. அதனால்தான் அவருக்கு உறைத்தது. “நாளைக்கு நானும் வர்றேன்.”

மறுநாள் காலை சீட்டக்கா மேசை முன்னால் சோபாக்காரர் பணத்தை வைத்தார். கூடத்தில் அதே பெஞ்சில் அதே கால் வீக்கத்தோடு மீன்காரம்மா இருந்தாள்.

“என்னண்ணே, தர்மம் செத்துப்போச்சா?” என்றாள் சீட்டக்கா.

“வாங்கிக்கம்மா” என்றார், தரையைப் பார்த்தபடி.

உள்ளே டாக்டர் பழைய தாளை வாசித்தார். நெற்றிக் கண்ணாடியை மாற்றிப் பைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். காது வரை சிவந்துபோனார்.

“என் கைக்கு அதுதான்ப்பா தெரியும். உன்னைப் பாத்ததும் அது பாட்டுக்கு எழுதிருச்சு... குடு, புதுசா எழுதித் தர்றேன். காசை முதல்ல வாங்கிட்டுப் போ. எனக்கு வெக்கமா இருக்கு.”

“காசை நீங்க எடுத்துத்தான் ஆகணும் டாக்டர்.”

“வேண்டாங்கறேன்.”

“எடுக்கலேன்னா நீங்க படிக்க மாட்டீங்க. காசு குடுத்தா நான் கேள்வி கேக்கலாம், இந்த வரி சரியில்லேன்னு சொல்லலாம். தர்மத்துக்கு வாங்கின மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்க முடியாதுல்ல?”

வாங்க மாட்டேன் என்று ஒருவர், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒருவர். முந்தாநாள் இதற்கு நேர் எதிராக இருந்த சண்டை. கதவிடுக்கில் காது வைத்திருந்த சீட்டக்கா உள்ளே வந்தாள். “நான் வாங்கிப் பெட்டில போட்டாச்சு. ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

டாக்டர் புதுத் தாளை மேசையில் விரித்தார். விரல் வைத்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது.

“எவ்வாறு அறிவீர்கள்னு கேக்குறான். நெசத்துக்கு எனக்கு உன் முட்டி தெரியும். உங்கம்மாவோட தைராய்டு தெரியும்மா. உங்க வீட்டுக்குள்ள எத்தனை அறைன்னு கூட எனக்குத் தெரியாதே!”

“கேளுங்க, சொல்றோம்” என்றாள் அவள்.

அவர் கேட்டார். தம்பி எங்கே படுப்பான்? பின்னறையில். அங்கே இப்போது என்ன இருக்கிறது? பழைய பஞ்சு மூட்டை. அதை எங்கே வைப்பீர்கள்? மச்சில் ஏற்றிவிடலாம். பகலில் அவனோடு யார் இருப்பது? இரண்டு பேரும் வீட்டில்தான். கத்தி, பிளேடு? பூட்டுப் போட்ட பெட்டி செய்தாகிவிட்டது என்று சோபாக்காரர் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது. “நேத்து நீ பஸ்ஸுல போயிருந்தப்ப அடிச்சேன்” என்றார் அவளிடம்.

டாக்டர் எழுதிக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். “‘வருபவரை வீட்டிலுள்ள அனைவரும் மனமுவந்து ஏற்கிறார்களா?’ இதுக்கு ‘ஆம்’னு போட்டுரவா?”

“போடுங்க” என்றாள் அவள்.

சோபாக்காரர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா?”

“மனமுவந்துன்னு எழுதாதீங்க டாக்டர்.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “வேண்டாம்னு சொல்றீங்களா?”

“வரட்டும்னுதான் சொல்றேன். மனமுவந்துன்னு எழுத வேணாங்குறேன்.” அவர் கழற்றிக் கையில் வைத்திருந்த மழைத் தொப்பியைச் சுருட்டினார், விரித்தார். “எனக்குப் பயமா இருக்கு. அவன் நாள் பூரா பேசுவான். சொன்னதையே சொல்லுவான். நான் எரிஞ்சு விழுவேன். என் குணம் எனக்குத் தெரியும். விழுந்துட்டு அப்புறம் தூங்க மாட்டேன். ஒருநாள் அவனுக்கு ஏதாவது வெட்டு கிட்டு ஆச்சுன்னா இவ என்னை ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்த ஒண்ணும் சொல்லாம இருக்குறதை என்னால தாங்க முடியாது. இத்தனை வருஷமா வேணாம்னதுக்குப் பட்டறையா காரணம்? இதுதான்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இதை எழுதுனா அவங்க அனுப்ப மாட்டோம்னு சொல்லலாம்ப்பா. யோசிச்சுக்கோ. ‘ஆம்’னா ஒரே எழுத்து மாதிரிதான். யாரும் கேக்கப் போறதில்ல.”

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அறையில் அதைத் தீர்மானிக்க அவருக்கு உரிமை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் மனக்கண் முன்னால் மடியில் பையை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான், ஒரு ரயில் நின்றிருந்தது.

“அவர் சொன்னதையே எழுதுங்க டாக்டர்” என்றாள் கடைசியில். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பொய்யை எழுதிக் கூட்டிட்டு வந்தா, இவர் எரிஞ்சு விழுற அன்னிக்கு எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும். இப்ப இவரு வாயாலயே சொன்னதைக் கேட்டுட்டேன். இது போதும். நடக்குறது நடக்கட்டும்.”

டாக்டர் வெகுநேரம் எழுதினார். இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். வெளியே சீட்டக்கா இரண்டு முறை கதவைத் தட்டினாள். வழக்கத்துக்கு மாறாக, டாக்டர் “இரு” என்றார்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே இல்லத்துக்குப் போனார்கள். பொறுப்பாளரம்மா தாளை முன்பக்கம் வாசித்தார், பின்பக்கம் வாசித்தார். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இருவரும் மெத்தை போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த பெஞ்சின் மெத்தை ஓரம் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. சோபாக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அதிலிருந்தே அவர் மனநிலையைத் தெரிந்துகொள்ளலாம்.

உள்ளேயிருந்து ரேடியோ காலை இழுத்துக்கொண்டு வந்தான். தோளில் பை. பின்னால் பொறுப்பாளரம்மா.

“இதுவரைக்கும் வந்த தாள் எல்லாத்துலயும் மனமுவந்துன்னுதான் இருந்துச்சு. அதுல பாதிப் பேரை மூணு மாசத்துல திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க. கூட்டிட்டுப் போங்க” என்றார்.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. ஜன்னலோரம் ரேடியோ, நடுவில் சோபாக்காரர், இந்தப் பக்கம் அவள். சோபாக்காரர் காதைத் தயார்ப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. பாலம் வந்தது, சந்தை வந்தது, வேலிக்குள் செங்கல் அடுக்கிய ஒரு வெற்று மைதானம் வந்தது. ரேடியோ வாயைத் திறக்கவில்லை. பையை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுத் தெருவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. சோபாக்காரருக்குத் தாங்கவில்லை.

“ஏன்டா மாப்ள, உடம்பு சரியில்லையா? ஏன் பேச மாட்டேங்குற?”

ரேடியோ திரும்பாமலே சொன்னான். “டாக்டர் எழுதுனதை அந்தம்மா எனக்குப் படிச்சுக் காமிச்சாங்க அத்தான்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எல்லாமா?”

“பின்பக்கமும்.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சோபாக்காரர் தொண்டையைச் செருமினார். இந்த முறை சத்தம் போடத் தோன்றவில்லை. “ஆமாம்டா” என்றார். “பயமாத்தான் இருக்கு.”

“எனக்குந்தான் அத்தான்” என்றான் ரேடியோ. “நானும் சொன்னேன் அந்தம்மாகிட்ட. எழுதிக்குங்கன்னு சொன்னேன். எனக்குத் தாள் இல்லேன்னுட்டாங்க.”

சோபாக்காரர் அவன் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“சரி, வாயால சொல்லு” என்றார்.

ரேடியோ ஆரம்பித்தான்.